வெட்டாத தாள்

போன வாரம் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி போதும். என் மனைவி இறந்துவிட்டாள். என் அக்காவின் கணவர் தேர்தலில் நிற்கிறார்.

மூன்றாவதாக ஒரு வரியும் உண்டு. சுவரொட்டியில் போட என் மனைவியின் படம் வேண்டும் என்று அத்தான் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

அவள் வேலை செய்தது ரசாயன ஆலைக்கு எதிரே இருந்த எடைமேடையில். லாரி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டு கொடுப்பாள், லாரி போகும். மழைக்காலத்தில் ஒரு மதியம் ஆலையில் ஒரு வால்வு உடைந்து விஷவாயு கசிந்தது. காற்று இந்தப் பக்கமாக அடித்தது. லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டிவிட்டார்கள். எடைமேடை அறைக்குச் சக்கரம் கிடையாது.

விசாரணை அறிக்கை, 'ஏற்கெனவே இருந்த மூச்சுக் கோளாறு' என்றது. அவளுக்கு இருந்த ஒரே கோளாறு, ரொம்பச் சிரித்தால் விக்கல் வரும்.

அத்தானின் கூட்டம் நடக்கவிருந்த நாளன்று காலை, என் மகள் பாப்பாவை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். சின்ன சுவரொட்டிகள் அதற்குள் ஒட்டப்பட்டிருந்தன. சுவருக்குச் சுவர் அவள். கீழே அத்தானின் முகம், பக்கத்தில் அவருடைய சின்னம். 'எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?' என்று மேலே கொட்டை எழுத்து. அந்த வரியையும் நான்தான் வடிவமைத்தேன்.

"அம்மா, டாட்டா," என்றாள் பாப்பா. அடுத்த சுவரிலும் சொன்னாள். அதற்கடுத்த சுவரிலும்.

மருந்துக்கடைத் திருப்பத்தில் பசை விட்டு, தாள் பாதி தொங்கியது.

"அப்பா, அம்மாவுக்கு வாய் இல்ல."

"ஒட்டுவாங்க."

"எப்போ?"

"இன்னிக்குப் பெருசா அடிக்கிறோம். அதுல வாய் இருக்கும்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்.

அக்கா வீட்டு வாசலில் அத்தான் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். அவர் டயர் கடைக்காரர். இருபது வருடம் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கியபோது இவருக்கு விழுந்தது டயர். கடவுளே கொடுத்தது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பாவம், டீச்சருக்குச் சீப்பு விழுந்தது.

டீச்சர் என்றால் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். ஆலைக்கு எதிராகப் பல வருடங்களாக வழக்கு நடத்துகிறவர். கிணற்றுத் தண்ணீரை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் நீதிபதி மேஜையில் வைத்தவர். இந்த முறை அவர் ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், அத்தான் மனு போடும்வரை. இப்போது அந்தப் பேச்சு பாதியாகிவிட்டது. ஆலைமீது கோபம் உள்ளவர்களில் பாதிப் பேர் சீப்பு, பாதிப் பேர் டயர்.

மூன்றாவது ஆள் இந்தத் தொகுதியின் இப்போதைய உறுப்பினர். ஊர் அவரைச் 'சிரிப்பு' என்று கூப்பிடும். சாவு வீட்டுக்குப் போனாலும் அந்தப் பல்வரிசை மூடாது. அவருக்கு வண்டி, கொடி, கூட்டம் எல்லாம் ஆலைக்காரருடையது என்பது ஊரறிந்த ரகசியம்.

"வா மாப்ளே," என்றார் அத்தான். "பெரிய போஸ்டர் என்னாச்சு?"

"காலைல மெஷின்ல ஏறியிருக்கும்."

"சாயங்காலம் மண்டபத்துல ஒட்டியிருக்கணும். மக்கள் மேடை ஆளுங்க போன் மேல போன் போடறாங்க."

'மக்கள் மேடை' ஓர் அறக்கட்டளை. சாதாரண மக்கள் சேர்ந்து நடத்துவது என்று அதன் துண்டுப் பிரசுரம் சொன்னது. அத்தானின் வண்டி, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள்தான் கடைக்கு வந்து, "தலைவரே, நீங்க நிக்கணும்" என்று முதலில் சொன்னவர்கள்.

அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "தலைவரே, சிலிண்டர் தீர்ந்து போச்சு. தூக்கிட்டு வர முடியுமா, இல்ல அதுக்கும் தொண்டர் வரணுமா?"

"பாத்தியா? ஊரே மதிக்குது, வீட்டுல சிலிண்டர் தூக்கறவன்தான் நான்."

"முந்தி அதையாவது தூக்கினீங்க."

பாப்பா அத்தானின் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, டயர் ஏன் கறுப்பா இருக்கு?"

"ரோடு கறுப்பா இருக்குல்ல? அதோடயே சுத்திச் சுத்தி அந்த நிறம் ஒட்டிக்கிச்சு."

"மண் ரோட்டுல ஓடினா?"

"அப்போ செம்பட்டை ஆகும். ராத்திரி குளிச்சுட்டுத் திரும்பக் கறுப்பு ஆயிடும்."

அவளிடம் 'தெரியாது' என்ற சொல்லை அத்தான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அம்மா போன பிறகு, அம்மா எங்கே என்று அவள் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் அன்றிரவு தூங்கினாள்.

"மாப்ளே, சாயங்காலம் நீ மேடைல ரெண்டு வார்த்தை பேசணும்."

"எனக்குப் பேச வராது."

"பேச வேணாம், நின்னாலே போதும். கண்ணு கலங்கினா..."

"என்னங்க பேச்சு இது?" அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அழுகையும் வராது அத்தான்," என்றேன். நான் கோபத்தில் சொல்லவில்லை. அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

அச்சகத்தில் தேர்தல் காலத்தில் மெஷின் நிற்பதில்லை. தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். மேஜைமேல் வைத்த தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். கல்லூரியில் நான் படித்தது பொருளாதாரம். இங்கே செய்வது வடிவமைப்பு. முகங்களைச் சுத்தம் செய்வேன், எழுத்தை நிமிர்த்துவேன், தள்ளிவிடுவேன். அதை அச்சடிக்கும் தகடாக, பிளேட்டாக, எடுப்பது பக்கத்து அறை.

எங்கள் அச்சகத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு.

ஒன்று, டேப். ஒவ்வொரு வேலையும் ஒரு காகிதப் பையில் வரும். யார் பணம் கட்டுகிறார்களோ அவர்களுடைய நிறத்தில் பைமேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். மருத்துவமனைக்கு நீலம், பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள். ஆலைக்குப் பச்சை. ஆலையின் காலண்டர், மூட்டை லேபிள், 'பாதுகாப்பே முதன்மை' அறிவிப்பு எல்லாம் பச்சை டேப்பில்தான் வரும். சில்லறை வாடிக்கையாளர்களுக்கு வெள்ளை. அத்தானின் வேலை முதல் நாளிலிருந்து வெள்ளை டேப்பில் வந்தது.

இன்னொன்று, ஒரு தாளில் ஒருவர் வேலைதான். பெரிய தாளில் இரண்டு சுவரொட்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடித்து, பிறகு நடுவே வெட்டினால் செலவு மிச்சம். ஆனால் இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். முன்பு ஒரு தேர்தலில் இரு கட்சிகளைச் சேர்த்து அடித்தார்களாம். வெட்டியபோது கட்டுகள் மாறிவிட்டன. இருட்டில் பசை தடவுகிறவன் முகத்தையா பார்ப்பான்? விடிந்தபோது ஒவ்வொரு தலைவரும் எதிராளி அலுவலகச் சுவரில் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்சிகளும் சேர்ந்து வந்து அச்சகத்தின் கண்ணாடியை உடைத்தன. அவர்கள் ஒன்றுசேர்ந்தது அந்த ஒருநாள்தான் என்று முதலாளி சொல்வார்.

நான் உள்ளே போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நிறம் பார்க்க ஒரு தாளை உருவினேன்.

இடது பாதியில் என் மனைவி.

வலது பாதியில் சிரிப்பு.

தாள் ஈரமாக இருந்தது. அவள் கன்னம் என் விரலில் ஒட்டியது. இருவருக்கும் நடுவே மயிரிழைபோல வெட்டுக்கோடு. அதற்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு பல்லும்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிறம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். உதட்டில் சிவப்பு கொஞ்சம் தூக்கல். அதற்குப் பிறகுதான் தாளைக் கீழே வைத்தேன்.

பிளேட் அறைக்குப் போனேன். அங்கே இருப்பவரைப் பிளேட் அண்ணன் என்போம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, டயர் வேலையையும் உறுப்பினர் வேலையையும் ஏன் ஒண்ணாப் போட்டீங்க?"

"ரெண்டும் ஒரே அளவு, ஒரே எண்ணிக்கை. பிளேட் மிச்சம்ல?"

"வேற வேற ஆளு, அண்ணே."

"வேற ஆளா?" பன்னை வைத்துவிட்டு இரண்டு பைகளையும் தூக்கிக் காட்டினார். "பாரு. ரெண்டும் பச்சை."

இரண்டும் பச்சைதான்.

"படத்தைப் பாக்கலையா நீங்க? எதிரெதிரா நிக்கறவங்க."

"தம்பி, இந்த மாசம் எத்தனை மூஞ்சி வந்திருக்கு தெரியுமா? எல்லாவனும் நாட்டைத் திருத்தறவன்தான். மூஞ்சியப் பாத்தா வேலை ஓடாது. நான் டேப்பத்தான் பாப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொண்ணு... உன் வீட்டம்மாவா? நான் நெகட்டிவ்ல பாத்தேன். அடையாளம் தெரியல தம்பி."

"பரவாயில்ல அண்ணே."

முதலாளி காகிதக் கிடங்கில் இருந்தார். பச்சைப் பையை அவர் முன்னால் வைத்தேன். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டார்.

"நேத்து வெள்ளை டேப் தீந்து போச்சு," என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அவசரத்தில் கை பழக்கப்படி வேலை செய்திருக்கிறது. பொய்யான டேப் தீர்ந்துபோனதால் உண்மையான டேப்பை ஒட்டிவிட்டது.

"மக்கள் மேடைன்னா ஆலையா, சார்?"

"எனக்கு வர்றது ஒரு அறக்கட்டளை பேர்ல. அதுக்கு யார் குடுக்கறாங்கன்னு அவங்க சொல்ல வேண்டியதில்ல. சட்டமே கேக்கல. நான் யாரு கேக்க?"

"அப்புறம் ஏன் பச்சை?"

அவர் ஒரு தாள் கட்டைத் தட்டி நேராக்கினார். "ஆலை ஆபீஸ்லேருந்து ஒரே ஆளுதான் வந்து ரெண்டுக்கும் சேத்துக் கையெழுத்துப் போடறாரு. போதுமா?"

போதும். கணக்கு எளிது. ஆலைக்காரருக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை. சிரிப்பு தனியாக டீச்சரை ஜெயிக்க முடியாது. ஆகவே டீச்சரின் ஓட்டில் பாதியைப் பிரிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆலையைத் திட்ட வேண்டும், சத்தமாகத் திட்ட வேண்டும். திட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணம் என் வீட்டில் இருந்தது. நான் படமாக எடுத்துக் கொடுத்தேன்.

"கோவப்படாதே," என்றார் முதலாளி. நான் கோபப்படவில்லை. "வெட்டிட்டா ரெண்டு தனித்தனி வேலை. யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த சீசன் ஓடினாத்தான் மத்த மாசம் உனக்கும் எனக்கும் சம்பளம்."

"ஒரு தாள் எடுத்துக்கறேன் சார்."

"வெட்டினதுக்கப்புறம் எடுத்துக்க."

"வெட்டாததுதான் வேணும்."

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நான் பாக்கல," என்றார்.

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பின்னால் வெட்டும் இயந்திரத்தின் கத்தி இறங்கத் தொடங்கியிருந்தது. கட்டுக் கட்டாக அவளையும் அவனையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தேன். சுருண்டுகொண்டே இருந்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு மூலையில் உப்பு ஜாடியை வைத்தாள். இன்னொரு மூலையில் தண்ணீர்ச் செம்பு. மீதி இரண்டில் என் கைகள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். டேப், பை, கையெழுத்து. அதிகம் பேசத் தேவைப்படவில்லை.

அக்கா சிரிப்பின் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. என் மனைவியின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு தூசியை ஊதினாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதுடா," என்றாள். "வெள்ளந்தி மனுஷன். நாலு பேரு மாலை போட்டா கழுத்தை நீட்டுவாரு. அவ்வளவுதான். தெரிஞ்சா அந்த ஆளுங்களை டயர் லீவராலயே அடிப்பாரு."

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்."

அத்தான் சாப்பிட வந்தார். நல்ல உற்சாகம். மூன்று தெரு முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே கை கழுவினார். துண்டை எடுத்தார். மேஜையைப் பார்த்தார்.

முகம் மாறியது. குனிந்து வெட்டுக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதை ஏன் ஒரே தாள்ல அடிச்சீங்க?" என்றார். "தனித்தனியாத்தானே அடிக்கணும்?"

அக்கா சோறு போட எடுத்த கரண்டி அப்படியே நின்றது.

அவர் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். 'இவன் எப்படி இங்கே வந்தான்' என்று கேட்டிருக்கலாம். 'இது என்ன அநியாயம்' என்று கத்தியிருக்கலாம். அவர் கேட்டது அச்சகத்தின் தவறைப் பற்றி.

"என்னங்க," என்றாள் அக்கா. குரல் மெலிந்து வந்தது. "உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்ன தெரியுமா?"

"வாயால சொல்லுங்க."

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும்..."

"அப்போ தெரியும்."

அத்தான் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"மொதல்ல தெரியாது. சத்தியமா. ரெண்டாவது வேன் வந்தப்போ டிரைவரைப் பாத்தேன். ஆலை ஷிப்ட் பஸ் ஓட்டறவன். நம்ம கடைல பஞ்சர் போட்டவன்தான். அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நான் அந்தக் கண்ணாடிக்காரன்கிட்ட கேட்டேன்."

கண்ணாடிக்காரன், மக்கள் மேடையின் ஒருங்கிணைப்பாளன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான்.

"என்ன சொன்னான்?"

"பணம் எங்கேயிருந்து வருதுன்னு பாக்காதீங்க தலைவரே, எங்கே போகுதுன்னு மட்டும் பாருங்கன்னான்."

"எங்கே போகுது அத்தான்?" என்றேன்.

"மாப்ளே, நான் ஒண்ணு சொல்றேன். அவன் காசுலயே அவனை நாறடிக்கறேன். ஊரெல்லாம் அவனைப் பத்தித்தானே பேசறேன்? பொய்யா பேசறேன்? தங்கச்சி செத்ததுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும். அதைக் கேக்கறது தப்பா?"

"கேளுங்கன்னு அவங்கதான் காசு குடுக்கறாங்க. பதில் சொல்லாம இருக்கறதுக்கும் அவங்கதான் குடுக்கறாங்க."

"டீச்சர் மட்டும் என்னத்தைக் கிழிச்சாங்க? கோர்ட்டுக்கு நடந்து செருப்புதான் தேஞ்சுது. அவங்க ஜெயிப்பாங்கன்னு எவன் சொன்னான்?"

"உங்களுக்கு வேன் குடுத்தவன் சொல்றான். டீச்சர் தோத்துடுவாங்கன்னா அவன் உங்ககிட்ட வந்திருப்பானா?"

அத்தான் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"பேரு ஓட்டுச் சீட்டுல ஏறியாச்சு," என்றார் கடைசியில். "இனி விலக முடியாது."

"விலக வேணாம். இன்னிக்கு மேடைல சொல்லலாம். எனக்குப் போடாதீங்க, சீப்புக்குப் போடுங்கன்னு."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு வீட்டுக்கு வரலாம்."

"வந்து?" அத்தான் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நாளைக்கு நான் யாரு மாப்ளே? பஞ்சர் போடறவன்தானே?"

"அதுல என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா. "அந்தக் கையால போட்ட சோறுதான் இத்தனை வருஷம் நான் தின்னேன். ஒருநாளும் தொண்டைல நிக்கல. இன்னிக்கு நிக்குது."

அத்தான் எழுந்தார். தட்டிலேயே கை கழுவினார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"மண்டபத்துக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு அந்த மஞ்சள் சட்டையைப் போட்டு விடு," என்றாள்.

"போறோமா?"

"புருஷன் கூட்டத்துக்குப் பொண்டாட்டி போகலைன்னா ஊரு என்ன பேசும்?" பிறகு மேஜையைக் காட்டினாள். "அதையும் சுருட்டி எடுத்துக்க."

மண்டபத்து வாசலில் பேருந்துகள் நின்றன. பக்கவாட்டில் ஆலையின் பெயர் இருந்த இடத்தை அத்தானின் சுவரொட்டியால் மறைத்திருந்தார்கள். ஒரு பேருந்தில் சுவரொட்டி சரியாகப் பொருந்தவில்லை. பழைய எழுத்தின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் முடிந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள், நிஜமாகவே வந்தவர்கள்.

மேடையின் பின்சுவர் முழுக்க, அதே படத்தைத் துணியில் பெரிதாக்கிய பேனரில், அவள். உயிரோடு இருந்தபோது என் தோள்வரைதான் இருந்தாள். இங்கே அவளுடைய ஒரு கண் என் தலையளவு இருந்தது. அருகில் போனால் அது கண் இல்லை, புள்ளிகள். எனக்கு அது தெரியும். அந்தப் புள்ளிகளை வைத்தவன் நான்.

"அம்மாவுக்கு வாய் வந்துடுச்சு," என்றாள் பாப்பா திருப்தியாக. அக்கா அவளை முன்வரிசையில் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரன் என் காதருகே குனிந்தான். "ரெண்டே நிமிஷம் சார். கண்ணு கலங்கினா இடது பக்க கேமராவைப் பாருங்க. கைல என்ன அது?"

"போஸ்டர்."

"சூப்பர் சார். கடைசில விரிச்சுக் காட்டுங்க."

அத்தான் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை, முன்வரிசையைப் பார்க்கவில்லை. "என் தங்கச்சி" என்ற இடத்தில் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மருத்துவமனையில் அவள் கையைக் கடைசிவரை பிடித்திருந்தது அவர்தான். நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

"நான் அச்சகத்துல வேலை பாக்கறேன்," என்றேன். மைக் என் குரலைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. "இந்தப் படம் என் மனைவி. இந்தப் போஸ்டரை அடிச்சது நாங்க. இன்னிக்குக் காலைல மெஷின்லேருந்து வந்த தாள் ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். வெட்டாத தாள்."

பிரித்தேன். ஒரு கையால் முடியவில்லை. விரித்த பக்கம் விடாமல் சுருண்டது.

"இதைப் பிடிக்க ரெண்டு பேர் வேணும் அத்தான்."

அத்தான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எழவில்லை.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

அப்போது முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து வந்தாள். பாப்பாவைக் கையில் பிடித்தபடி மேடைப் படி ஏறினாள். புருஷனைத் தாண்டி நடந்து வந்து, தாளின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

தாள் நேரானது.

"எங்க அச்சகத்துல ஒரு தாள்ல ஒருத்தர் காசுதான் ஓடும்," என்றேன். "அந்த ஒருத்தர் யாருன்னா..."

மைக் செத்தது. கண்ணாடிக்காரன் ஒயரைக் கையில் வைத்திருந்தான்.

நான் நிறுத்திக்கொண்டேன். கத்திப் பேச எனக்கு வராது. கத்தவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பின்வரிசைக்காரர்கள் அவர்களை உட்காரச் சொன்னார்கள், பிறகு அவர்களும் நின்றார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். வேன் ஓட்டியவனாக இருக்கும்.

பாப்பா தாளுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையைச் சாய்த்து இடது பாதியைப் பார்த்தாள். பிறகு வலது பாதியைப் பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மைக் இல்லாத மண்டபத்தில் அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

"மாமா, அம்மா பக்கத்துல அது யாரு?"

கண்ணாடிக்காரன் அத்தானின் தோளைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தான். அத்தான் அவன் கையைத் தட்டிவிட்டாரா, அது தானாக விழுந்ததா, தெரியவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்று பார்க்காமல் பாப்பாவின் முன்னால் தரையில் மண்டியிட்டார்.

அக்கா தாளை இன்னும் இறுக்கி இழுத்துப் பிடித்தாள்.

மண்டபம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அத்தான் ஒருமுறை தாளை நிமிர்ந்து பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.